வீட்டை விற்கும் முன் உள்ளே பெயிண்ட் அடிக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை விற்பது என்று முடிவானதும் வீட்டுக்குள் எழும் முதல் விவாதம் பெயிண்ட் பற்றியதாகத்தான் இருக்கும். "அடித்துவிட்டால் நல்ல விலை போகும்" என்பார் ஒருவர். "வாங்குகிறவர் எப்படியும் தனக்குப் பிடித்த நிறத்தை அடிக்கப்போகிறார், நமக்கு எதற்கு வீண் செலவு" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் சில சுவர்களுக்குப் பொருந்தும், சில சுவர்களுக்குப் பொருந்தாது. அதனால் வீடு முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்காமல், சுவர் சுவராகப் பார்த்து முடிவெடுங்கள். அதற்கு வேண்டிய விவரங்கள் கீழே.

வீடு முழுவதும் அடித்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை. வீடு பார்க்க வருகிறவர் அறை அறையாக நடக்கும்போதே மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்: குடிவருவதற்கு முன் இங்கே என்னென்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும்? உரிந்து தொங்கும் பெயிண்டும், சீலிங்கில் பழுப்பு வளையமும், அரைகுறையாக மூடிய ஆணி ஓட்டைகளும் அந்தக் கணக்கை ஏற்றிவிடும். அந்தச் சுவரின் கதை அவருக்குத் தெரியாது என்பதால், ஆகக்கூடிய உண்மைச் செலவைவிட அதிகமாகவே வைத்துப் பார்ப்பார்.

ஆகவே ஒவ்வொரு சுவரையும் மூன்று வகையில் ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உறுதியாக இருக்கிறது, அழுக்கு மட்டும்தான் என்றால் கழுவினால் போதும். கீறல், ஓட்டை, கறை, கண்ணை உறுத்தும் நிறம் என்றால் சரிசெய்து அடிக்க வேண்டும். ஓதம், கசிவு, நகரும் விரிசல் இருந்தால் காரணத்தைச் சரிசெய்யும் வரை அந்தச் சுவரில் பிரஷ் படக்கூடாது. முதல் வகைச் சுவர்கள்தான் வீட்டில் அதிகம் என்றால், முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பதால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

எந்தச் சூழ்நிலையில் பெயிண்ட் பேச்சே தேவையில்லை?

வாங்குகிறவர் இடித்துக் கட்டப்போகிறார் அல்லது சுவர்களை மாற்றி, ஒயரிங்கையும் குழாய்களையும் புதிதாகப் போடப்போகிறார் என்றால் தேவையில்லை. ஒயரிங்குக்காகச் சுவரைக் கொத்தினால் புதுப் பெயிண்ட் முதல் நாளே போய்விடும். சமையலறையும் குளியலறையும் மிகப் பழையதாகி, வீடே பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்தாலும் சுவரை மட்டும் பளபளப்பாக்குவது எடுபடாது. புதுச் சுவருக்குப் பக்கத்தில் பழைய ஓடுகள் இன்னும் பழசாகத் தெரியும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நல்ல முறையில் அடித்த வெளிர்நிறச் சுவர்களுக்கும் தேவை வராது.

என் வீட்டுச் சுவரை நானே சோதிப்பது எப்படி?

இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஒரு டார்ச், ஒரு கறுப்புத் துணி, அகலமான ஒட்டும் டேப், கத்தி, பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டியதும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சுவரின் மேல் ஓடவிடுங்கள். நேரே பார்க்கும்போது தட்டையாகத் தெரிந்த சுவர் இப்போது மேடும் பள்ளமுமாகத் தெரியும்: பழைய ஒட்டுவேலையின் விளிம்பு, ரோலர் விட்ட கோடு, பெயிண்டுக்கு அடியில் காற்றடைத்த சிறு கொப்புளங்கள். கொப்புளங்கள் தரையோரமாகவோ ஜன்னலுக்குக் கீழாகவோ கூட்டமாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அவற்றைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள்.

அடுத்து கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் துடையுங்கள். வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டால் அது சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அல்லது வெயில் பட்டு நைந்த பெயிண்ட். அதன் மேல் நேராக எமல்ஷன் (தண்ணீர்ப் பெயிண்ட்) அடித்தால், பெயிண்ட் பொடியைப் பிடித்துக்கொள்ளுமே தவிரச் சுவரைப் பிடிக்காது. சில மாதங்களில் தாள் தாளாக உரியும்.

மூன்றாவது, கத்தியால் பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போட்டு, டேப்பை அதன் மேல் நன்றாகத் தேய்த்து ஒட்டிவிட்டு வெடுக்கென்று இழுங்கள். கீறலின் ஓரத்தில் துணுக்கு மட்டும் வந்தால் பழைய பெயிண்ட் உறுதியாக இருக்கிறது. பட்டையாகக் கழன்று வந்தால் அந்தச் சுவரைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அறைக்கு இரண்டு இடத்தில், கதவுக்குப் பின்னாலும் பீரோவுக்குப் பின்னாலும் செய்து பாருங்கள்.

கடைசியாக, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஓர் ஓரத்தில் அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீரில் கரைத்தடித்த எமல்ஷன் வகை. ஏறாவிட்டால் எண்ணெய் எனாமலாக இருக்க வாய்ப்பு அதிகம். எனாமல் மேல் எமல்ஷன் நேரடியாக ஒட்டாது. 150 அல்லது 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஒட்டுப்பிடிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுத்த பிறகுதான் அடிக்கலாம்.

கழுவினாலே போதும் என்கிறீர்கள். எப்படிக் கழுவுவது?

எமல்ஷன், எனாமல் சுவர்களை மட்டும் கழுவலாம். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் தண்ணீரில் கரைந்து வரும். முதலில் ஒட்டடை அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டி கலந்து, பிழிந்த ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் கீழே காய்ந்த அழுக்கின் மேல் வழிந்து கோடு விழும். அந்தக் கோடு பிறகு போவது கடினம். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

ஸ்விட்ச் போர்டைச் சுற்றித் துடைக்கும்போது மெயினை அணைத்துவிட வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழப்பாகி மின்னும், அதனால் இலேசாகவே துடையுங்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கட்டிலின் தலைமாட்டில் எண்ணெய்க் கறையும் படிக்கட்டுச் சுவரில் கைத்தடமும் இன்னும் தெரிந்தால் அந்தச் சுவர்கள் மட்டும் பெயிண்ட் பட்டியலில் சேரும்.

ஓதம் அடித்த சுவரை அடித்து மறைத்துவிட்டால் என்ன?

செய்யாதீர்கள். நேர்மை ஒரு காரணம் என்றால், அது நிற்காது என்பது இன்னொரு காரணம். ஈரம் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வரும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிப் பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் இருந்தாலும் சில வாரங்களிலோ அடுத்த மழைக்காலத்திலோ உப்பி வெடித்துவிடும். அது பத்திரப்பதிவுக்கு முன்பே நடக்கலாம். தெரிந்த குறையை மறைத்து விற்றதாக வழக்குக்குப் போக இடமுள்ள நாடுகளும் பல. ஒரே ஒரு சுவரில் மட்டும் புது பெயிண்ட் வாடை வந்தால், விவரமுள்ள எவரும் முதலில் கை வைத்துப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவரின் உள்ளே இருக்கிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், தரையிலிருந்து ஏறும் ஓதம் இவற்றில் ஒன்று. அறைப்பக்கத்தில் மட்டும் துளிகள் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. பெரும்பாலும் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்தாலே சரியாகும்.

கசிவை அடைத்துவிட்டோம் என்பதற்காக மறுவாரமே பெயிண்ட் அடிக்கவும் முடியாது. ஊறிய கட்டுச்சுவர் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற வேகத்தில்தான் உலரும். ஒன்பது அங்குலச் சுவர் முழுக்க ஊறியிருந்தால் பல மாதம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள் இப்படிச் செய்யலாம்: உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள் (தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்); உளுத்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள்; பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிட்டு, கசிவைச் சரிசெய்த ரசீதையும் வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களையும் வாங்குகிறவரிடம் காட்டுங்கள். காரணம் தெரிந்த, சரிசெய்யப்பட்ட ஈரச்சுவர் யாரையும் அவ்வளவாக மிரட்டுவதில்லை. பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றால், ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பு அல்லது சிலிகேட் வகைப் பூச்சு கொடுக்கலாம். பிளாஸ்டிக் தன்மை மிகுந்த எமல்ஷன் அங்கே ஆகாது.

புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சுக்கு ஏறத்தாழ 28 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கு முன் அடித்தால் சிமென்டின் காரம் பெயிண்டைச் சுட்டு, நிறம் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும்.

கரும்புள்ளிகள் பூஞ்சையா அழுக்கா?

ஒரு துளி சலவை பிளீச்சை அதன் மேல் விட்டு ஓரிரு நிமிடம் பாருங்கள். கறுப்பு வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் அழுக்கு அல்லது புகைக்கரி. பூஞ்சையைக் கொன்று, கழுவி, உலர்த்திய பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் பூஞ்சையின் மேல் அடித்தால் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளீச்சுடன் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

எந்த விரிசலை மூடி அடிக்கலாம், எதற்குப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்?

ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அதன் விளிம்பு விரிசலுக்குள் போகவில்லை என்றால் பொதுவாக அது பூச்சு சுருங்கியதால் வந்த மயிரிழை விரிசல். விரிசலை நிரப்பும் அக்ரிலிக் ஃபில்லர் போதும். கார்டு போகிறது, ஆனால் விரிசல் வளரவில்லை என்றால், சுரண்டியால் ஆங்கில வி வடிவில் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலப்படுத்தி, தூசி தட்டி, ஃபில்லர் நிரப்பி, மேலே கண்ணாடியிழை வலை டேப் பதித்துப் பட்டி பார்க்க வேண்டும். அகலப்படுத்தாமல் மேலோட்டமாக மெழுகினால் மறுபடி அதே கோட்டில் பிளக்கும்.

பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கைக் கோடாக வரும் விரிசல் மிகச் சாதாரணம். இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் சூட்டில் விரிவதால் வருவது அது. வலை போட்டால் பெரும்பாலும் நிற்கும்.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகளில் ஏறும் விரிசல், ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல், ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும் விரிசல் ஆகியவற்றை மூடாதீர்கள். இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும். அவர் எழுதித் தரும் அறிக்கை விற்பனைக்குப் பெயிண்டைவிட அதிகம் உதவும்.

இரண்டு கோட் அடித்தும் பழைய கறை மேலே வருகிறதே, ஏன்?

தண்ணீர் வளையம், புகைக்கரி, சிகரெட் மஞ்சள், ஸ்கெட்ச் பேனா, மரக்கணுவின் பிசின் போன்ற கறைகள் எமல்ஷனில் இருக்கும் தண்ணீரிலோ பெயிண்டின் மற்ற பொருட்களிலோ கரைந்து மேலே ஏறும். மூன்றாவது, நான்காவது கோட் கொடுத்தாலும் ஏறும். கறையைத் தடுக்கும் ஷெல்லாக் அல்லது எண்ணெய் பிரைமரைக் கறைக்கு வெளியே ஒரு சாண் வரை அடித்து, காய்ந்த பிறகு மேலே எமல்ஷன் கொடுங்கள். துருப்பிடித்த ஆணியோ கம்பியோ கறைக்குக் காரணமாக இருந்தால், துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு பிரைமர் பூச வேண்டும். சீலிங் வளையத்துக்கு மட்டும் இந்த வேலையைச் செய்தாலே வீட்டின் தோற்றம் மாறிவிடும்.

மிச்சமிருக்கும் பழைய பெயிண்டால் டச்-அப் மட்டும் செய்யலாமா?

மேட் பெயிண்ட், அடித்து ஓராண்டுக்குள், அதே டப்பா என்றால் செய்யலாம். மற்றபடி பெரும்பாலும் வீணாகும். சுவர் வெளிச்சத்திலும் தூசியிலும் நிறம் மாறியிருக்கும். டப்பாவுக்குள் இருந்தது மாறியிருக்காது. ஒட்டிய இடங்கள் தேமல் போலத் தனித்துத் தெரியும். ஷீன் (மெல்லிய மினுமினுப்பு) உள்ள பெயிண்டில் நிறம் பொருந்தினாலும் பளபளப்பு காட்டிக்கொடுக்கும்.

ஆகவே ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை ஒரு சுவரை முழுதாக அடியுங்கள். வெளிச்சம் மூலையில் திரும்புவதால் சின்ன நிற வேறுபாடு அங்கே கண்ணுக்குத் தெரியாது. ஆணி ஓட்டையை அடைத்த இடங்களில் முதலில் பிரைமர் தொட்டுவிடுங்கள். ஃபில்லர் பெயிண்டை அதிகமாக உறிஞ்சுவதால், பிரைமர் இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் மங்கிய வட்டமாக நிற்கும்.

செலவைக் கட்டுப்படுத்த வேண்டும். எந்த அறைக்கு முன்னுரிமை?

வாசலைத் திறந்ததும் கண்ணில் படும் சுவர், கூடம், சமையலறை, இந்த வரிசையில். அடுத்து முதன்மைப் படுக்கையறை. சீலிங்கை மறக்காதீர்கள், மஞ்சளேறிய சீலிங்குக்குக் கீழே புதுச் சுவர் வெள்ளையாகத் தெரியாது. ஸ்டோர் அறை, அலமாரி உட்புறம், பால்கனி உட்சுவர் ஆகியவற்றுக்குத் துப்புரவு போதும். கதவும் நிலையும் கைபட்டுக் கறுத்திருந்தால் கழுவிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் எனாமல் ஒரு கோட் கொடுங்கள். சுவர் வேலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு, தெரியும் மாற்றமோ பெரிது.

என்ன நிறம்?

வெளிர்நிறம். சந்தன வெள்ளை, இளஞ்சாம்பல், முத்து வெள்ளை போன்றவை. ஷேடு கார்டுகளில் எல்ஆர்வி என்றொரு எண் இருக்கும்; ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரையான அளவு அது. சுவருக்கு 65 முதல் 80 வரை உள்ளதை எடுங்கள். வெளிச்சம் குறைந்த அறைக்கு அதன் மேல்முனை. முழு வெள்ளையைச் சீலிங்குக்கு வையுங்கள். சுவரில் அடித்தால் ஒவ்வொரு கைத்தடமும் தெரியும். வீடு முழுவதும் ஒரே நிறம் என்றால் மிச்சம் அதிகம் விழாது, டச்-அப்பும் எளிது, அறைகளும் ஒன்றுக்குள் ஒன்று தொடர்ந்து பெரிதாகத் தெரியும்.

அடர்ந்த சிவப்பு, கருநீலம், அடர்பச்சைச் சுவர்களை மட்டும் கட்டாயம் மாற்றச் சொல்வோம். அடர்நிறத்தை மூட, இளஞ்சாம்பல் சாயல் ஏற்றிய பிரைமர் ஒரு கோட் கொடுத்தால் மேலே இரண்டு கோட் போதும். வெள்ளை பிரைமரோடு நேரே போனால் மூன்றாவது கோட் தேவைப்படலாம்.

மேட்டா, ஷீனா?

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மேட். டார்ச் சோதனையில் தெரிந்த மேடுபள்ளங்களை மேட் மறைக்கும், ஷீன் பெரிதாக்கிக் காட்டும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் படும் சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் கழுவத்தக்க ஷீன் வகை.

எவ்வளவு பெயிண்ட் வாங்க வேண்டும்?

12 அடிக்கு 11 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 46 அடி. சுவர்ப்பரப்பு 460 சதுர அடி. கதவு ஒன்று 21, ஜன்னல் இரண்டு 32 சதுர அடி கழித்தால் 407. சீரான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மூடும். இரண்டு கோட்டுக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 9 லிட்டர். சீலிங் 132 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர். பிரைமர் சுவர் முழுவதும் என்றால் 4 லிட்டர் அல்லது அதற்குச் சற்று மேல்.

முழுச் சுவருக்கும் பட்டி பார்ப்பதாக இருந்தால், இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ சிமென்ட் புட்டி 10 முதல் 15 சதுர அடி வரும். அதே அறைக்கு ஏறத்தாழ 27 முதல் 40 கிலோ. விற்பதற்காக முழுப் பட்டி பார்ப்பது பெரும்பாலும் தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. நாட்கள் இரட்டிப்பாகும், தேய்க்கும்போது தூசி வீடு முழுக்கப் படியும். பழுதான இடங்களுக்கு மட்டும் போதும்.

ஒரே நிறம் பல டப்பாக்களில் வந்தால், தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா இருக்கும் சிறு வேறுபாடு சுவரின் நடுவில் கோடாகத் தெரியாமல் இருக்கும்.

வேலையில் எங்கெங்கே தவறு நடக்கிறது?

முதலில் தண்ணீர். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தால் ரோலர் சுலபமாக ஓடும், பெயிண்ட் அதிகப் பரப்புக்கு வரும்; ஆனால் காய்ந்ததும் அடிநிறம் தெரியும், கையால் துடைத்தால் மாவாக வரும். அளவு மக்கால் அளந்து கலக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அவசரம். தண்ணீர்ப் பெயிண்டில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வேண்டும். மழை நாளில் இன்னும் அதிகம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, சுவரின் சூடு 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலோ அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவதே நல்லது.

வரிசையும் முக்கியம்: சீலிங், பிறகு சுவர், பிறகு கதவு ஜன்னல், கடைசியில் தரையோரப் பட்டை. ஓரங்களை இரண்டரை அங்குல பிரஷ்ஷால் அடித்ததும், அது காய்வதற்கு முன்பே ரோலரைப் பக்கத்தில் ஓட்டிவிட வேண்டும். நான்கு ஓரத்தையும் அடித்து முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்வந்து ரோலர் பிடித்தால், சுவரைச் சுற்றி அடர்ந்த சட்டம் போலக் கோடு நிற்கும். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் தொடுபதத்தில் இருக்கும்போதே உரியுங்கள். முழுக்க இறுகிய பின் இழுத்தால் பெயிண்டும் கிழிந்து வரும்.

ஸ்விட்ச் தட்டுகளைச் சுற்றிப் பெயிண்ட் பூசாமல், மெயினை அணைத்து, தட்டைக் கழற்றிவிட்டு அடிப்பதுதான் முறை. பெயிண்ட் ஒழுகிய ஸ்விட்ச் போர்டு, வேலை அவசரத்தில் முடிந்தது என்பதைப் பார்த்ததும் சொல்லிவிடும்.

பெயிண்டரிடம் மதிப்பீடு வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

"மொத்தமாக இவ்வளவு" என்ற பேச்சை ஏற்காதீர்கள். எந்தெந்தச் சுவர், எத்தனை சதுர அடி, அளவில் கதவு ஜன்னல் கழிக்கப்பட்டதா, சுரண்டல், ஃபில்லர், பிரைமர் எத்தனை கோட், மேல் பெயிண்டின் முழுப்பெயர் எது, சாமான் மூடுவதும் துப்புரவும் சேர்ந்ததா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். குறைந்தது இரண்டு பேரிடம், ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். டப்பாவை உங்கள் எதிரில் சீல் உடைக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூலி எப்படியும் அதேதான் என்பதால் மிக மலிவான பெயிண்ட் எடுத்து மிச்சம் பிடிக்க முடியாது: மூடும் திறன் குறைந்த பெயிண்ட் ஒரு கோட் கூடுதலாகக் கேட்கும். நடுத்தர வகையே விற்பனைக்கு ஏற்றது.

எத்தனை நாள் ஆகும், எப்போது முடிக்க வேண்டும்?

மூன்று அறையும் கூடமும் உள்ள வீட்டுக்கு, இரண்டு மூன்று பேர் வேலை செய்தால், சிறு பழுதுகளோடு சேர்த்து ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான்கள் நிறைந்த வீட்டில் அறை அறையாக நகர்த்த வேண்டியிருப்பதால் இன்னும் சில நாள். கடைசிக் கோட்டுக்கும் முதல் பார்வையாளருக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள், ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். பெயிண்ட் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் முழுக்க இறுக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை கழுவக்கூடாது, பீரோவைச் சாய்த்துவைக்கக் கூடாது, புதிதாக அடித்த கதவை அழுத்திச் சாத்திவைக்கவும் கூடாது, நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

விளம்பரப் புகைப்படங்களைப் பெயிண்ட் முடிந்த பிறகே எடுங்கள். ஓர் அறையில் ஒரு பல்பு மஞ்சளாகவும் இன்னொன்று நீலவெள்ளையாகவும் இருந்தால் நல்ல சுவரும் திட்டாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே வகையாக மாற்றிவிடுங்கள்.

வீடு மிகப் பழையது. சுரண்டுவதில் ஆபத்து உண்டா?

உண்டு. பழைய பெயிண்டுகளில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், கம்பிகளுக்கு அடித்த எனாமலில் ஈயம் இருந்திருக்கும். தடை வந்த ஆண்டு நாட்டுக்கு நாடு வேறு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மாதிரிச் சட்டம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பைச் சொல்கிறது. ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துணுக்கை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். உலர் உப்புத்தாளோ, தேய்க்கும் இயந்திரமோ, சூடுகாற்றுத் துப்பாக்கியோ வேண்டாம். நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் எடுத்துப் பையில் கட்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் வேறு இடத்தில் இருக்கட்டும். பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் சுரண்டாமல் மேலே அடித்துவிடுவதே பாதுகாப்பு.

பெயிண்ட் அடிக்காமல் விலையில் குறைத்துக்கொடுத்தால் என்ன?

சுவர்கள் சுத்தமாக, பழுதில்லாமல், நிறம் மட்டும் பழசாக இருந்தால் நல்ல வழிதான். வாங்குகிறவர் தன் விருப்ப நிறத்தை அடித்துக்கொள்வார். ஆனால் பேச்சு வருவதற்கு முன்பே மதிப்பீடு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வதே தொகை. உங்கள் பகுதியில் விற்றுக்கொடுக்கும் தரகர் இருவரிடம், இதே வீடு இப்படியே போனால் என்ன, அடித்தால் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்த வித்தியாசம், பெயிண்ட் செலவோடு தாமதமாகும் வாரங்களின் வட்டியையும் பராமரிப்பையும் சேர்த்த தொகையைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் அடியுங்கள். கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் கழுவி, ஓட்டை அடைத்து, வாசற்சுவரை மட்டும் அடித்து விட்டுவிடுங்கள்.

குடித்தனக்காரர் இருக்கும்போது அடிக்கலாமா?

முடிந்தவரை தவிர்க்கவும். மாட்டிய படத்தைச் சுற்றி அடித்த பெயிண்ட் அவர் காலி செய்ததும் கட்டம் கட்டமாகத் தெரியும். காலியான பிறகு அடிக்க இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் அதுவே நல்லது.

மீந்த பெயிண்டை என்ன செய்வது?

விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக்கி அடைத்து, நிழலான இடத்தில் வையுங்கள். டப்பாவின் மேல் பெயிண்டின் பெயர், ஷேடு எண், எந்த அறை, அடித்த மாதம் எழுதி ஒட்டி, சாவியோடு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். சாமான் இறக்கும்போது விழும் கீறல்களுக்கு முதல் சில மாதங்களில் அவருக்கு உதவும். சாக்கடையில் மட்டும் ஊற்ற வேண்டாம். அரை மக் அளவே மிச்சம் என்றால் மணலில் கலந்து முழுக்க இறுகவிட்டு, உங்கள் ஊர் குப்பை விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.